மூணு மாச டெஸ்டும் வரிசை மாறாத பாக்டீரியாவும்

மயிலாப்பூரில் ஒரு சின்ன லேபில் ரத்தம் எடுப்பது என் வேலை. காலை ஆறரைக்கே மாமாக்கள் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பாதிப் பேர் இரண்டு நாளாக வாயைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள். ஃபாஸ்டிங் சுகர் அழகாக வரும். “பாத்தியாம்மா, நார்மல்!” அப்புறம் ஹெச்பிஏ1சி வரும். ‘மூணு மாச டெஸ்ட்’ என்று அவர்களே பெயர் வைத்ததுதான். அதைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடும். சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும்; அதுவரை ரத்தத்தில் ஓடும் சர்க்கரை அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே போகும். தீபாவளி அல்வாவை மறைக்க முடியாது.

ஆனால் அது சொல்வது சராசரி மட்டுமே. எப்போது ஏறியது, எது முதலில் நடந்தது? அதற்குப் பதில் இல்லை.

மரபணுவைத் திருத்தப் பயன்படும் கிரிஸ்பரை வைத்து செல்லில் நடப்பதை அதன் டிஎன்ஏவிலேயே பதியும் ஆராய்ச்சி என்னைப் பிடித்துக்கொண்டது இதனால்தான். கிரிஸ்பர் என்றாலே வெட்டுவது என்று நினைக்கிறோம். பாக்டீரியாவிடம் சேர்க்கும் வேலையும் உண்டு. வைரஸ் நுழைந்தால் காஸ்1, காஸ்2 என்ற புரதங்கள் அதன் டிஎன்ஏவில் ஒரு துண்டை எடுத்து பாக்டீரியாவின் டிஎன்ஏவில் செருகிவிடும். புதுத் துண்டு எப்போதும் ஒரே முனையில்தான் உட்காரும், பழையவை தள்ளிப்போகும். வரிசை தானாகவே நின்றுவிடுகிறது. 2017-ல் ஹார்வர்டில் சேத் ஷிப்மனும் ஜார்ஜ் சர்ச்சும் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் எடுத்த, குதிரை ஓடும் பழைய படங்களில் ஐந்தை, நாளுக்கு ஒன்றாக ஈகோலை பாக்டீரியாவுக்குள் ஏற்றினார்கள். பிறகு டிஎன்ஏவை வாசித்தபோது படங்கள் சுமார் 90 சதவீதம் சரியாகத் திரும்பி வந்தன. ‘பாக்டீரியாவில் சினிமா’ என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். எனக்குக் குதிரை பெரிதில்லை, ஐந்தும் வரிசை குலையாமல் வந்ததே பெரிது.

கிரிஸ்பரின் கத்திரியான காஸ்9 என்ற புரதத்தால் டிஎன்ஏவை வெட்டி, தழும்பையே பதிவாக வைக்கும் முறையில் இந்த வரிசைதான் சிக்கல். புது வெட்டு பழைய தழும்பை அழித்துவிடலாம். சியாட்டிலில் ஜே ஷெண்டூர் குழு 2022-ல் வெளியிட்ட முறையில் டிஎன்ஏவில் பதியும் ஒவ்வொரு ‘எழுத்தும்’ அடுத்த எழுத்துக்கான இடத்தைத் திறந்துவிடும். பெயரே ‘டிஎன்ஏ டைப்ரைட்டர்’. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்த என் அத்தைக்கு இதைச் சொல்ல வேண்டும்.

என் வேலைக்கு நெருக்கமானது சுவிட்சர்லாந்தில் ராண்டல் பிளாட் குழு செய்தது. அவர்களுடைய ஈகோலை, எந்த மரபணு வேலை செய்கிறது என்று காட்டும் தன் ஆர்என்ஏவையே துண்டு துண்டாகப் பதிந்துகொள்ளும். 2022-ல் அதை எலிகளின் குடலுக்குள் அனுப்பி, புழுக்கையை ஆராய்ந்தே என்ன தீனி தின்றது என்று பிரித்தறிந்தார்கள். ஒரு பாக்டீரியாவில் சிக்கும் துண்டுகள் மிகக் கொஞ்சம். ஏராளமானவற்றைச் சேர்த்து வாசித்தால்தான் கதை புரியும். மரபணு மாற்றிய பாக்டீரியாவை மனிதனுக்கு விழுங்கக் கொடுப்பதும் லேசில் நடக்காது.

“அது வந்தா நமக்கு டப்பா வாங்குற வேலைதான்டி மிஞ்சும்” என்கிறாள் கூட வேலை பார்ப்பவள். வரட்டுமே. நரம்பு கிடைக்காத கையைத் தட்டித் தட்டித் தேடுவதற்கு டப்பா எவ்வளவோ மேல்.