காலில் ரத்தக்கட்டி, கையில் கேஸ் ஷீட் இல்லை

சினைப்பை நீர்க்கட்டிக்கு என்று எழுதிக் கொடுத்த 21 மாத்திரை அட்டை, கருத்தடை மாத்திரைதான் என்பதே எனக்கு ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் தெரியும். எத்தினைல் எஸ்ட்ராடியோல், ட்ராஸ்பைரினோன் என்று இரண்டு ஹார்மோன் பெயர் அட்டையில் பொடி எழுத்தில் இருப்பதை யார் படிக்கிறார்கள்? சேலத்தில் ஒரு தனியார் கிளினிக். மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகிறதென்று போனேன். ஸ்கேன் எடுத்தார்கள், எழுதினார்கள், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். பிரஷர் பார்க்கவில்லை. வீட்டில் யாருக்காவது ரத்தம் உறையும் தொந்தரவு உண்டா என்று கேட்கவும் இல்லை. தம்பி பிறந்தபோது எங்கம்மாவுக்குக் கால் வீங்கி, ரத்தக்கட்டி என்று பெட்டில் சேர்த்தது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது அட்டை ஓடும்போது இடது கெண்டைக்கால் வீங்கியது. ஏற்காட்டில் மேடு பள்ளம் ஏறி இறங்குகிறவர்களுக்குக் கால்வலி புதுசா? சுளுக்காகத்தான் இருக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா எண்ணெயோடு உருவிவிட வந்தார். காலில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்த டாக்டர் இதைக் கேட்டுக் கத்தியே விட்டார்: உருவினால் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போகுமாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ எண்ணெய்ப் பக்கம் போகாதீர்கள். வைத்தியம் நன்றாகவே நடந்தது. ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசி, அப்புறம் மாத்திரை.

பாடு ஆரம்பித்தது டிஸ்சார்ஜ் அன்றைக்கு. டிஸ்சார்ஜ் சம்மரியில் நான் சாப்பிட்ட ஹார்மோன் மாத்திரையைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. "அதெல்லாம் எதுக்கு மேடம், டயக்னோசிஸ் இருக்குல்ல" என்றார் டியூட்டி டாக்டர். பில் கட்டி முடித்து வீட்டுக்காரர் ஆட்டோ கூப்பிடப் போய்விட்டார். நான் கட்டிலை விட்டு இறங்கவில்லை. அட்டையை எடுத்து நீட்டி, மருந்தின் பெயரும் எத்தனை நாளாகச் சாப்பிட்டேன் என்பதும் எழுதினால்தான் கிளம்புவேன் என்றேன். கடைசியில் பெரிய டாக்டர் வந்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வரிதான் இப்போது ஆதாரம். காலி அட்டையைக் குப்பையில் போடாதீர்கள். மருந்துக் கடையில் பில் தராமல் துண்டுச் சீட்டில் கூட்டல் போட்டுக் கொடுத்தால், பில் வாங்காமல் நகராதீர்கள்.

அடுத்து, மாத்திரை எழுதிய கிளினிக்கில் என் கேஸ் ஷீட், அதாவது என்னைப் பற்றி அவர்கள் எழுதி வைத்த தாள், கேட்டேன். "ஓ.பி.க்கு அதெல்லாம் கிடையாதுங்க", "டாக்டர் கான்ஃபரன்ஸ் போயிருக்கார்", "வக்கீலைக் கூட்டிட்டு வாங்க". ஒவ்வொரு பதிலுக்கும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஏற வேண்டும். மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறையில், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்றே இருக்கிறது. வாயால் கேட்டதற்கு எந்த மதிப்பும் இல்லை. எழுதி, தேதி போட்டு, ஒப்புகையோடு தபாலில் அனுப்பிய பிறகுதான் ஸ்கேன் ரிப்போர்ட்டும் கேஸ் ஷீட்டின் நகலும் வந்தன. குடும்ப வரலாறு என்ற கட்டம் காலியாகவே இருந்தது. அவர்கள் கேட்கவே இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி; அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவீர்களா?

வீண் அலைச்சல் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு அரசு அலுவலகத்தில், கருத்தடை சம்பந்தப்பட்டது என்றதும், "குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இழப்பீட்டுத் திட்டம் இருக்குதும்மா, அங்க போங்க" என்று கை காட்டிவிட்டார்கள். போய் மதியம் வரை உட்கார்ந்த பிறகு சொன்னார்கள், அந்தத் திட்டம் கருத்தடை அறுவை சிகிச்சைக்கு மட்டும்தானாம். மாத்திரைக்கு இல்லை.

உருப்படியான வழி கிடைத்தது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில். 1987 சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100-க்குப் போன் செய்தாலும் சொல்வார்கள். வந்த வக்கீலம்மா கறாரானவர். அமெரிக்காவில் இதே ட்ராஸ்பைரினோன் உள்ள யாஸ், யாஸ்மின் மாத்திரை வழக்குகளில் பேயர் கம்பெனி 100 கோடி டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்ததை வீட்டுக்காரர் எடுத்துச் சொன்னதும், "அது அந்த ஊர் கதைங்க" என்று நிறுத்திவிட்டார். மருந்தோடு வரும் துண்டுச் சீட்டில் ரத்தக்கட்டி எச்சரிக்கை இருக்கிறது, அதனால் கம்பெனி மேல் போவது கஷ்டம். பக்கவிளைவு வந்ததாலேயே டாக்டர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்பதைக் காட்ட வேண்டும். நோயாளிக்கு விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்குவது பற்றிய, உச்ச நீதிமன்றத்தின் 2008 சமீரா கோலி தீர்ப்பு அதற்குத்தான் உதவும் என்றார்.

நியாயமாக ஒன்று. ஐரோப்பிய மருந்து முகமையின் 2013 கணக்குப்படி, மாத்திரை சாப்பிடாத பெண்கள் 10,000 பேரில் வருடத்துக்கு 2 பேருக்கு ரத்தக்கட்டி வரும். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற வேறொரு ஹார்மோன் உள்ள மாத்திரையில் 5 முதல் 7, நான் சாப்பிட்ட ட்ராஸ்பைரினோன் வகையில் 9 முதல் 12. கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் ஆபத்து இதைவிட அதிகம். ஆகவே என் கதையைப் படித்துவிட்டு அட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். அம்மா, அக்கா யாருக்காவது கட்டி வந்திருந்தாலோ, கண்ணில் வெளிச்சம் நெளிந்து ஒற்றைத் தலைவலி வந்தாலோ, பிரஷர் இருந்தாலோ, கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்கான மனு, அதற்கென்றே உள்ள இ-ஜாக்ரிதி இணையதளத்தில் ஏறியது. அங்கே ஒரு குழப்பம்: கேட்கும் இழப்பீட்டுக்குத் தகுந்த மாதிரி கட்டணம் என்று உதவிக்கு வந்த பையன் அடித்துச் சொன்னான். அது பழைய சட்டம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நாம் சிகிச்சைக்குக் கொடுத்த பணம்தான் கணக்கு. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். எல்லோருக்கும் இலவசமாகவே பார்க்கும் அரசு ஆஸ்பத்திரியில் ஊசியோ மாத்திரையோ வாங்கியவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது, சிவில் கோர்ட்தான்.

கூடவே, மருந்துகளின் பக்கவிளைவைப் பதிவு செய்யும் அரசு எண்ணான 1800-180-3024-இல் என் பாதிப்பைப் பதிவு செய்தேன். இதில் காசு வராது. நோயாளியே சொல்லலாம் என்பது அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கே தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டுதான் போன் செய்தேன்; ஆனால் பொறுமையாக எழுதிக்கொண்டார்கள்.

கிளினிக்குக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. 30 நாள், கேட்டால் மேலும் 15 நாள், அதற்குள் பதில் போட வேண்டும். வந்ததும் எழுதுகிறேன்.