மூன்றரை மில்லிமீட்டர் வளையம்

நேற்று உச்சிப்புளியிலிருந்து மண்டபம் வரை எண்பது, தொண்ணூறில் போய்வந்தேன். ஸ்டீயரிங் ஆடவில்லை. இந்த ஒரு வரியை எழுத நாலு மாதம் ஆகியிருக்கிறது. டயர் எதை வாங்குவது என்பதுதான் பெரிய தலைவலி என்று நினைத்து அதற்கே ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன். கடைசியில் வேலை வைத்தது டயர் இல்லை, ரிம். சரியாகச் சொன்னால் ரிம்கூட இல்லை, ரிம்முக்கும், அது போய் உட்காரும் இரும்பு ஹப்புக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஒரு வளையம்.

வண்டி 2016 டஸ்டர், நாலு சக்கரமும் இழுக்கிற மாடல். மதுரையில் செகண்ட் ஹேண்டில் எடுத்தது. வெளியே அலாய், அதாவது அலுமினிய ரிம், பளபளவென்று இருந்ததால் ரிம்மைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. வாங்கி மூன்று வாரத்தில் காற்று இறங்க ஆரம்பித்தது. காற்றழுத்தம் 32 வைத்தால் அடுத்த வாரம் 24. முள் ஏறியிருக்கும் என்றுதான் நினைத்தேன். நம்ம மாவட்டத்தில் டயர் இறங்கினால் முதலில் சீமைக்கருவேல முள் மேல்தானே சந்தேகம் வரும்.

அப்புறம் ஒருநாள் நிஜமாகவே முள் ஏறியது. தோப்புக்குப் போகும் மணல் தடத்தில் பின் சக்கரம் சப்பையாகிவிட்டது. ஜாக்கி போட்டு, சக்கரத்தின் அஞ்சு மரையாணியையும் கழற்றி, இழுத்தால் ரிம் வரவில்லை. உதைத்தேன், உள்பக்கமாகப் போய்க் கட்டையால் அடித்தேன், அசையவில்லை. தோப்பில் தேங்காய் பறிக்க வந்திருந்த அண்ணன்தான் வழி சொன்னார். “தம்பி, அஞ்சையும் திரும்ப ரெண்டு சுத்து மட்டும் ஏத்து. ஜாக்கிய எறக்கு. வண்டிய ஒரு அடி முன்ன, ஒரு அடி பின்ன எடுத்து பிரேக்க மிதி.” மூன்றாவது மிதியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். கழன்றுவிட்டது. உள்ளே பார்த்தால் ஹப் முழுக்கத் துரு, ரிம்மின் ஓட்டையைச் சுற்றி வெள்ளை மாவு.

மறுநாள் பஞ்சர் கடை பாய் டயரைத் தொட்டியில் முக்காமல், ரிம் விளிம்பில் சோப்புத் தண்ணீரை ஊற்றினார். டயரின் பீடு, அதாவது ரிம்மோடு ஒட்டும் ஓரம், உட்காரும் இடம் முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழ். “முள்ளு ஒண்ணுதான் தம்பி. மிச்சக் காத்தெல்லாம் இப்படித்தான் போயிருக்கு. ரிம்மு பூத்துப் போச்சு.” உப்பு பூத்தது என்று சுவரைச் சொல்வோமே, அதே வார்த்தை. டயரைப் பிரித்ததும் பீடு இடத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, சீலர் தடவி ஓட்டலாம், ஆறு மாதம் தாங்கும் என்றார். நாலு ரிம்மும் அப்படித்தான் இருந்தது. டயரும் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர்க் கட்டிகள், தேய்ந்து, பக்கச் சுவரில் வெடிப்பு விட்டிருந்தது. சரி, மொத்தமாகவே மாற்றிவிடுவோம் என்று இறங்கினேன்.

டயர் கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கம்பெனி சைஸ் 215/65 ஆர்16, மொத்த உயரம் 686 மில்லிமீட்டர். எல்லோரையும் போல எனக்கும் 225/70 மேல் ஆசை வந்தது. அது 721 வரும். தரையிலிருந்து பதினேழு மில்லிமீட்டர் கூடுதலாகத் தூக்கிக் கொடுக்கும். ஆனால் ஸ்பீடோமீட்டர் அஞ்சு சதவீதம் குறைத்துக் காட்டும், பிக்கப் மந்தமாகும், முழு ஒடிப்பில் மட்கார்டில் உரசுமோ என்ற பயம் வேறு. டஸ்டருக்கு ஏற்கெனவே இருக்கிற 210 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் எங்கள் தோப்புக்குப் போதும். ஆசையை அடக்கிக்கொண்டேன்.

அதே சைஸில் ஆல்-டெரெய்ன், அதாவது ரோட்டுக்கும் கரடுமுரடான தடத்துக்கும் ஆகிற டயர், என்று பார்த்தபோது யோகோஹாமா ஜியோலேண்டரும் பிஎஃப்குட்ரிச் கேஓ2-வும் கடைசி வரை நின்றன. கேஓ2 இந்த சைஸில் எல்டி ரகம், அதாவது சுமை வண்டிக் கட்டுமானம், லோடு இன்டெக்ஸ் 103. ஒரு டயர் 875 கிலோ தாங்கும். சாதாரண 98-க்கு 750 கிலோ. பக்கச் சுவர் தடிமனாக இருக்கும். முள்ளுக்கும் கல்லுக்கும் அருமை. ஆனால் டயரே கனம், காலி வண்டியில் முதுகைக் குலுக்கும். அம்மாவை வாரம் ஒருமுறை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவன் நான். ஜியோலேண்டர் எடுத்தேன். கடையில் டயரைத் தொடுமுன் பக்கச் சுவரில் இருக்கும் நாலு எண்ணைப் பார்த்தேன். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். முதலில் உருட்டிக்கொண்டு வந்த செட்டில் இரண்டு டயர் மற்ற இரண்டைவிட ஒன்றரை வருடம் மூத்தவை. மாற்றச் சொன்னேன். முகம் சுளித்தார்கள், மாற்றினார்கள்.

இனி ரிம். 16 அங்குலம், 6.5 அகலம், அஞ்சு ஓட்டை, பிசிடி, அதாவது அந்த அஞ்சும் இருக்கும் வட்டத்தின் விட்டம், 114.3 மில்லிமீட்டர். இதுவரைக்கும் எல்லோரும் கேட்பார்கள். ஆஃப்செட், அதாவது ரிம் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காரும் என்ற அளவு, கம்பெனியில் 50. எனக்குக் கிடைத்தது 40. சக்கரம் பத்து மில்லிமீட்டர் வெளியே வரும். மழையில் கதவெல்லாம் சேறு, அவ்வளவுதான். யாருமே கேட்காத ஒன்று நடு ஓட்டை. டஸ்டர் ஹப் 66.1. வெளியில் விற்கும் அலாய்கள் பல வண்டிக்கும் ஆகட்டும் என்று பெரும்பாலும் 73.1 வைத்துத்தான் வருகின்றன. வித்தியாசம் ஏழு மில்லிமீட்டர், சுற்றிலும் மூன்றரை. அந்த இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் வேண்டும். மாட்டிய கடையில் வளையம் என்ற பேச்சே எடுக்கவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

வண்டியை வெளியே எடுத்தேன். எழுபத்தைந்து வரை வெண்ணெய். எண்பதில் ஸ்டீயரிங் நடுங்கியது, நூறில் டேஷ்போர்டில் இருந்த பிள்ளையார் ஆடினார். கடைக்காரர் பேலன்சிங் திரும்பப் போட்டார். போகவில்லை. அலைன்மென்ட் என்றார். போகவில்லை. மூன்றாவது தடவை, “ஆல்-டெரெய்ன் டயர்னா இப்படித்தான் சார் இருக்கும்” என்று கையைக் கழுவினார். ஆல்-டெரெய்ன் இரையும், ஒத்துக்கொள்கிறேன். நடுங்க எந்தச் சட்டமும் இல்லை.

பாலிடெக்னிக் படிக்கும் அக்கா மகன் வெர்னியர் காலிப்பரோடு வந்தான். சக்கரத்தைக் கழற்றி, ஹப்பில் இருந்த துருவை எமரி ஷீட்டால் தேய்த்துவிட்டு அளந்தான். ஹப் 66, ரிம் 73. “மாமா, இது நடுவுல உக்காரவே இல்ல. அஞ்சு ஆணியும்தான் புடிச்சுத் தொங்கவிட்டிருக்கு.” ஒரு பக்கம் முடுக்கும்போது முடி கனத்துக்குத் தள்ளி உட்கார்ந்தாலும் போதும், பேலன்சிங் மிஷினில் எல்லாம் சரி என்று காட்டும், ரோட்டில் ஆடும். மிஷின் ரிம்மை அதன் நடு ஓட்டையில் கூம்பு வைத்துப் பிடிக்கிறது. வண்டியில் அந்த ஓட்டை எதையும் தொடவே இல்லை.

ராமநாதபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் அலுமினியத்தில் நாலு வளையம் கடைந்து வாங்கினேன். மாட்டியதும் நடுக்கம் போன இடம் தெரியவில்லை. வெற்றி என்று அன்றைக்கே எழுதியிருந்தால் தப்பாகப் போயிருக்கும். இரண்டு மாதத்தில் நாலைந்து தடவை தனுஷ்கோடி அரிச்சல்முனை போய்வந்தேன். முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் ரோட்டின் இரண்டு பக்கமும் கடல், காற்றில் சாரலும் மணலும் சேர்ந்தே அடிக்கும். வந்து சக்கரங்களை முன்னும் பின்னும் இடம் மாற்றலாம் என்று கழற்றினால், ரிம் வருகிறது, வளையம் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. சுற்றிலும் அதே வெள்ளை மாவு.

பாம்பனில் படகு எஞ்சின் வேலை பார்க்கும் மச்சான்தான் இதைப் புரிய வைத்தார். “அவுட்போர்டு மோட்டார்ல ஜிங்க் கட்டி எதுக்கு வைக்கிறோம்? உப்புத் தண்ணியில ரெண்டு உலோகம் தொட்டுக்கிட்டு இருந்தா ஒண்ணு கரைஞ்சே தீரும். அது ஜிங்கா இருக்கட்டும், மோட்டார் பொழைக்கட்டும்னுதான். ஒங்க வண்டியில இரும்பு ஹப்பும் அலுமினிய ரிம்மும் தொட்டுக்கிட்டு இருக்கு. ஒங்க ரிம்முதான் மாப்ள அங்க ஜிங்க் கட்டி.” பழைய அலாய் ஏன் ஒட்டியது, அந்தத் தோப்பு நாள் எல்லாம் அப்போதுதான் சேர்ந்து விளங்கியது. காப்பர் கிரீஸ் தடவலாமா என்று கேட்டேன். அலுமினியத்தோடு செம்பைச் சேர்த்தால் இன்னும் வேகமாகத் தின்னும் என்று சொல்லி, படகுக்குப் போடும் கிரீஸில் ஒரு டப்பா கொடுத்தார். ஹப்பின் முகத்தில் மட்டும், விரலால் தடவி, துணியால் துடைத்தபின் மிஞ்சுகிற அளவு. டிஸ்க்கில் படக்கூடாது, மரையில் படவே கூடாது. மரையில் கிரீஸ் இருந்தால் முடுக்கும் கணக்கு மாறி அளவுக்கு மீறி இறுகிவிடும்.

வளையத்தை உலோகம் அல்லாததில் செய்யலாம் என்று முதலில் நைலான் கடைந்தோம். நைலான் ஈரம் குடிக்கும். ஒரு மழை வாரத்தில் உப்பிப்போய், ரிம்மைத் தட்டித் தட்டித்தான் எடுக்க முடிந்தது. அடுத்தது டெல்ரின் என்ற பிளாஸ்டிக். வெள்ளை நிறம், கையில் வழுக்கும், தண்ணீரைச் சீந்தாது. ஹப்பில் கட்டைவிரல் அழுத்தத்தில் ஏற வேண்டும், ஆட்டினால் ஆடக்கூடாது. அந்த அளவு வர லேத்துக்காரர் மூன்று வளையம் வீணாக்கினார். காசு வாங்கவில்லை, திட்டு மட்டும் கொடுத்தார். மலை இறக்கத்தில் பிரேக் காய்ந்தால் பிளாஸ்டிக் இளகுமோ என்று ஒரு உறுத்தல் இருக்கிறது. நம்ம ஊரில் ஏற்றம் என்றால் பாம்பன் பாலம்தான். கொடைக்கானல் ஒருதரம் போய்வந்து பார்க்கணும்.

டயர் பற்றி ஒன்று. மணலுக்காக ஆல்-டெரெய்ன் வாங்குகிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். 2017-ல் ரோடு வருவதற்கு முன் தனுஷ்கோடி மணலில் வேன் ஓட்டிய தங்கச்சிமடத்துப் பெரியவர் ஒருவர் என் டயரைப் பார்த்துச் சிரித்தார். “பட்டன் மணலைத் தோண்டும் தம்பி. காத்த எறக்கு, அதுதான் மணலுக்கு டயரு.” உண்மைதான். 32-ல் தோப்பு வாசலில் புதைந்த அதே வண்டி 18-ல் மிதந்து போனது. திரும்ப நிரப்ப சிகரெட் லைட்டரில் மாட்டும் பம்ப் வாங்கிவிட்டேன். ஆல்-டெரெய்னின் லாபம் முள்ளில்தான். நாலு மாதத்தில் ஒரு பஞ்சர் இல்லை. பட்டனில் குத்தி ஒடிந்த முள்ளை வாரக்கடைசியில் குறடு வைத்துப் பிடுங்குகிறேன், ஒன்றும் உள்ளே போய்ச் சேரவில்லை. வாலிநோக்கம் பக்கம் உப்பளக் களியில் மட்டும் பட்டன் எல்லாம் அடைத்துக்கொண்டு வழுக்கை டயர் மாதிரி ஆகிவிடுகிறது.

ஸ்டெப்னி இன்னும் பழைய அலாய், பழைய டயர். நாலு சக்கர இழுவை வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் உயரம் குறைந்தால் முன்னையும் பின்னையும் இணைக்கும் கிளட்ச்சுக்கு ஆகாது. பஞ்சர் கடை வரைக்கும் மட்டும் என்று வைத்திருக்கிறேன். டஸ்டருக்கு வந்த இரும்பு ரிம் ஒன்று சென்னை புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் தேடச் சொல்லியிருக்கிறேன். அதற்கு நடு ஓட்டை 66.1 தான், வளையமே வேண்டாம். துரு பிடித்தாலும் சுரண்டிப் பெயின்ட் அடிக்கலாம். கிடைத்தால் இன்னும் நாலு வாங்கிவிடலாமா என்று மனசு அலைகிறது, வீட்டில் சொல்லவில்லை.

பின் இடது சக்கரத்தில் மட்டும் அந்த அலுமினிய வளையம் இன்னும் ஹப்பிலேயே இருக்கிறது. ஆக்சா பிளேடால் பாதி அறுத்துவிட்டேன். மீதியை அறுத்து எடுத்தாலும் மாட்ட நாலாவது டெல்ரின் வளையம் கையில் இல்லை. லேத்துக்காரர் ஏர்வாடி சந்தனக்கூடு முடிந்துதான் பட்டறை திறப்பாராம்.