எந்த வாசலில் நுழைவது? யோசெமிட்டி பெர்மிட் படலம்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருக்கும் யோசெமிட்டி தேசியப் பூங்காவின் காட்டுக்குள் ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்குவதாக இருந்தாலும் வைல்டர்னஸ் பெர்மிட் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்புகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஹாஃப் டோம் என்ற பெரிய பாறையின் உச்சிக்குக் கம்பிவடத்தைப் பிடித்து ஏறுவதற்கு மட்டும் அவர்களுக்கும் தனி அனுமதி வேண்டும்.

பெர்மிட் என்றதும் எந்த ஏரி, எந்த மலை, மொத்தம் எத்தனை மைல் என்றெல்லாம் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். விண்ணப்பத்தில் முக்கியமாகப் பார்ப்பது இரண்டுதான்: எந்த டிரெயில்ஹெட்டில், அதாவது நடைபாதை தொடங்கும் எந்த இடத்தில், நுழைகிறீர்கள், எந்தத் தேதியில். ஒவ்வொரு டிரெயில்ஹெட்டுக்கும் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கோட்டா இருக்கிறது. அந்த எண்ணிக்கைக்குள் வந்துவிட்டால் உள்ளே எப்படி நடப்பது என்பது பெரும்பாலும் நம் விருப்பம்.

இது புரிந்த பிறகு வரைபடத்தைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. முதலில் நாங்கள் ஆசைப்பட்டது எல்லாரும் ஆசைப்படும் ஹேப்பி ஐல்ஸ். பள்ளத்தாக்கிலிருந்து நேராக ஏறலாம், வெர்னல், நெவாடா அருவிகள், அப்புறம் ஹாஃப் டோம். ஆனால் பட்டியலில் ஹேப்பி ஐல்ஸ் ஒன்றல்ல, இரண்டு. ஒன்றில் முதல் இரவு, மேலே இருக்கும் லிட்டில் யோசெமிட்டி வேலி என்ற சிறு பள்ளத்தாக்கில்தான் தங்க வேண்டும். மற்றொன்றில் அங்கே தங்கக் கூடாது, அதைத் தாண்டிப் போய்விட வேண்டும். கால் வைக்கும் பாதை ஒன்றுதான், கோட்டா மட்டும் வேறு வேறு. பெயரை அவசரமாக வாசித்தால் இரண்டாவதை எடுத்துவிட்டு, முதல் நாளே முதுகுமூட்டையோடு கூடுதலாகப் பல மைல் ஏற வேண்டியிருக்கும்.

கோட்டாவில் 60 சதவீதம் 24 வாரங்களுக்கு முன்பே ரெக்ரியேஷன்.காவ் என்ற அரசு முன்பதிவுத் தளத்தில் லாட்டரியாகப் போய்விடும். விண்ணப்பக் கட்டணம் திரும்ப வராது. மீதி 40 சதவீதம் நுழையும் நாளுக்கு 7 நாள் முன்பு, பசிபிக் நேரம் காலை 7 மணிக்குத் திறக்கும். லாட்டரியில் எங்களுக்கு ஒன்றும் விழவில்லை. சரி, இனி அந்த 40 சதவீதம்தான் என்று வரைபடத்தை மறுபடி விரித்தோம்.

ஹேப்பி ஐல்ஸில் ஏறுவதற்குத்தானே போட்டி? மேலே எங்காவது நுழைந்து ஹேப்பி ஐல்ஸில் வந்து இறங்கினால் என்ன? அந்தக் கோட்டா நுழைகிறவர்களுக்குத்தான். வெளியே வருகிறவர்களை அதில் கணக்கு வைப்பதில்லை. மலைமேல் போகும் டியோகா சாலையில் டெனயா ஏரியின் மேற்கு முனையில் சன்ரைஸ் டிரெயில்ஹெட் இருக்கிறது. உயரம் சுமார் 2,480 மீட்டர். ஹேப்பி ஐல்ஸோ 1,230 மீட்டர்தான். நடுவே ஒரு ஏற்றம் இருந்தாலும் மொத்தத்தில் இறக்கம்தான். முழங்கால் இதைப் பற்றி வேறு கருத்து சொல்லும், அது தனிக் கதை. போதாததற்கு வழியில் கிளவுட்ஸ் ரெஸ்ட் என்ற சிகரம் வருகிறது: 9,931 அடி, ஹாஃப் டோமைவிட ஆயிரம் அடிக்கு மேல் உயரம். எல்லாரும் அண்ணாந்து பார்க்கும் பாறையை அங்கிருந்து குனிந்து பார்க்கலாம்.

காலை 7 மணிக்கு ஆளுக்கொரு திரையில் உட்கார்ந்திருந்தோம். பிரபலமான பெயர்கள் கண் முன்னாலேயே காலியாயின. சன்ரைஸ் கிடைத்தது.

டியோகா சாலையை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பனிக்காலம் முழுக்க அது மூடியே கிடக்கும். பனி அதிகமான வருடங்களில் ஜூன் பிறந்து வெகுநாள் கழித்துத்தான் திறப்பார்கள். சாலை மூடியிருந்தால் கையில் பெர்மிட் இருந்தும் டிரெயில்ஹெட்டுக்குப் போய்ச் சேர முடியாது. கோடையில் பள்ளத்தாக்கிலிருந்து அந்தச் சாலை வழியாக யார்ட்ஸ் பேருந்து ஓடுவதால், காரைக் கீழேயே விட்டுவிட்டு மேலே போனோம். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் நடைக்கு இந்த ஏற்பாட்டை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

இணையத்தில் கிடைப்பது முன்பதிவுதான். பெர்மிட் தாளை வைல்டர்னஸ் மையத்தில் நேரில் வாங்க வேண்டும், அதுவும் நுழையும் நாள் காலை 10 மணிக்குள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ரேஞ்சர் முதல் இரவு எங்கே என்று கேட்டார். தண்ணீரிலிருந்து 100 அடி தள்ளிக் கூடாரம், மலம் கழிக்க 6 அங்குல ஆழக் குழி, டாய்லெட் பேப்பரைப் புதைக்காமல் திரும்பக் கொண்டுவருவது என்று வரிசையாகச் சொன்னார். கரடி டப்பா இருக்கிறதா என்றும் கேட்டார். அது கட்டாயம், இல்லாதவர்களுக்கு அங்கேயே வாடகைக்குத் தருகிறார்கள். கெட்டிப் பிளாஸ்டிக் டப்பா, மூடியில் ஒரு பூட்டுப்பல். கரடியால் திறக்க முடியாது என்கிறார்கள். குளிரில் விரைத்த விரலோடு நானும் சற்று நேரம் கரடியாகத்தான் இருந்தேன். சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, சன்ஸ்கிரீன், உதட்டுக்குத் தடவுவது, வாசம் வரும் எதுவும் அதற்குள் போக வேண்டும். எல்லாவற்றையும் அடைத்தபின் கடைசி ரொட்டிப் பொட்டலம் உள்ளே போக மறுத்தது. டிரெயில்ஹெட்டிலேயே தின்று தீர்த்தோம்.

ஏரியை விட்டுக் கிளம்பியதும் கொசுப் படை, அதைத் தாண்டியதும் வளைந்து வளைந்து போகும் செங்குத்தான கல் ஏற்றம். லிட்டில் யோசெமிட்டி வேலிக்கு இறங்கும்போது எதிரே வந்த ஒரு ரேஞ்சர் பெர்மிட்டைக் கேட்டார். அது பையின் மேல் ஜிப்பில் இருந்ததால் மூட்டையைப் பிரிக்காமலே எடுத்துக் காட்ட முடிந்தது.