உயிர்க் காலேஜிலிருந்து சில வாசகர்கள்

எழுபதுகளில் நம் பள்ளியில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக இரண்டு வரி. மெட்ராஸில் அப்போது மார்க்கே கேட்காத காலேஜ் இரண்டு இருந்தன. மூர் மார்க்கெட்டை ஒட்டியிருந்த மிருகக்காட்சி சாலை உயிர்க் காலேஜ். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். கன்னிமாரா நூலகம் இருப்பதும் மியூசியம் வளாகத்தில்தான்.

சனிக்கிழமைகளில் அப்பா கன்னிமாராவில் பேப்பர் படிக்க உட்கார்ந்துவிடுவார். நான் மியூசியத்துக்கு நழுவிவிடுவேன். அங்கே யானை எலும்புக்கூட்டைப் பார்த்த அன்று ஆரம்பித்தது வினை. இந்த யானையின் சொந்தக்காரர்கள் மூர் மார்க்கெட் பக்கம்தானே இருக்கிறார்கள், துக்கம் கேட்க வராமலா இருப்பார்கள்? வந்தவர்கள் பக்கத்துக் கட்டடத்தை எட்டிப் பார்க்காமலா போவார்கள்?

அதற்கப்புறம் கணக்குப் பாடம் முழுக்க ஊர்வலம்தான். ராத்திரி கேட் பூட்டியதும் கிளம்பி, ரிப்பன் மாளிகையைத் தாண்டி, பூந்தமல்லி ஹைரோடில் ஓரமாக நடந்து வரும். தேக்கு அலமாரியின் மேல்தட்டிலிருந்து புத்தகம் எடுத்துக் கொடுப்பது கரடியின் வேலை. முதலை தரையில் படுத்தபடியே பைண்டு செய்த பழைய பேப்பரைப் புரட்டும். குரங்குகளுக்கு அனுமதி இல்லை. கிழித்துவிடும் என்று நானே தடை போட்டிருந்தேன். யானை மட்டும் உள்ளே வராது. துக்க வீட்டுக்கு வந்த இடத்தில் என்ன படிப்பு!

இதையெல்லாம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் வரைந்துவைத்தேன். ஒருநாள் தமிழய்யா கையில் சிக்கியது. முட்டி போடச் சொல்வார் என்று பயந்தேன். நிதானமாகப் புரட்டிப் பார்த்தவர், "எல்லாம் சரி. முதலைக்கு மெம்பர் கார்டு வாங்க ஜாமீன் கையெழுத்துப் போட்டது யாருடா?" என்றார். வகுப்பே சிரித்தது. (சிரித்தவர்களில் சிலர் இந்த மலரையும் படிப்பீர்கள், தெரியும்.) எனக்கோ அது நியாயமான கேள்வியாகப் பட்டது. யோசித்து யோசித்து ஆமையைப் பிடித்தேன்: வயதானவர், சொந்த வீடு உள்ளவர். ஐயா ஒப்புக்கொண்டார்.

வெளிநாடு வந்து வெகுகாலம் கழித்துத்தான் ஒரு விஷயம் படித்தேன். 1855-ல் மியூசியப் பொறுப்பிலிருந்த எட்வர்ட் பால்ஃபர் மெட்ராஸ் மிருகக்காட்சி சாலையைத் தொடங்கியதே எழும்பூர் மியூசியம் வளாகத்தில்தானாம். அதற்குப் பிறகே அது மூர் மார்க்கெட் பக்கமிருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயிருக்கிறது. கன்னிமாரா திறந்ததோ 1896-ல். அப்படியானால் என் மிருகங்கள் பழைய வீட்டுக்குத்தான் வந்து போயிருக்கின்றன! முதலில் குடியிருந்தவர்களிடமா ஜாமீன் கேட்பது? ஐயாவிடம் சொல்லியிருந்தால் அந்தக் கேள்வியை வாபஸ் வாங்கியிருப்பார்.

1985-ல் வண்டலூரில் புதிய மிருகக்காட்சிப் பூங்கா திறந்தது. மூர் மார்க்கெட் எரிந்துபோனதும் அதே வருஷம்தான். போன லீவில் பேத்தியைக் கன்னிமாராவுக்குக் கூட்டிப்போய்க் கதையைச் சொன்னேன். வண்டலூரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், பாவம் எப்படித் தாத்தா நடக்கும் என்றாள். எதற்கு நடக்க வேண்டும், மின்சார ரயிலில் ஏறினால் நேரே எழும்பூர் என்றேன்.

"யானை?"

"வெண்டர் பெட்டியில் ஏறிக்கொள்ளும்."




"டிக்கெட்?" என்றாள். தமிழய்யா வகுப்பில் இருந்திருக்க வேண்டியவள்.