முன்விளக்கு மங்கினால் ஒரு கோளாறு, மங்காவிட்டால் வேறு கோளாறு

எங்கள் வீட்டு எச்.ஓ. (HO) அளவு மாடல் ரயில் பல வருஷமாக அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு (1:87), தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ., 12 வோல்ட் டி.சி.யில் ஓடும் பழைய வகை. போன மாதம் அதை வெளியே எடுத்து, 12 வளைவுத் துண்டும் 6 நேர்த் துண்டுமாகச் சேர்த்து ஒரு நீள்வட்டம் போட்டேன். எஞ்சினை வைத்து, தண்டவாளத்துக்கு மின்சாரம் அனுப்பும் கண்ட்ரோலரின் குமிழைத் திருகினேன். கிளம்பியது. கால் வட்டம் நன்றாகப் போனது. எதிர்ப்பக்கத்து வளைவில் திணறி, ஊர்ந்து, நின்றேவிட்டது. விரலால் தள்ளிவிட்டால் கொஞ்ச தூரம் போகும், அப்புறம் மறுபடி மக்கர்.

எஞ்சின்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து நேராக அதைக் கழற்றினேன். மோட்டாரின் கம்யூட்டேட்டர் (மோட்டாரோடு சுழலும் செம்பு வளையம்) கருத்துப் போயிருந்தது. பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். அதன்மேல் உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்களை எடுத்துப் பார்த்தேன், தேய்மானம் அதிகமில்லை. (பிரஷ் மூடியைத் திறக்கும்போது மேலே ஒரு விரலை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் தேடி எடுப்பது கஷ்டம்.) பற்சக்கரங்களுக்குப் பிளாஸ்டிக்கை அரிக்காத எண்ணெய் ஒரு சொட்டு வைத்து மூடினேன். இரண்டு மாலைப் பொழுது போனது. எஞ்சின் அதே இடத்தில் நின்றது.

அப்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மகள், "அப்பா, நிக்கிறதுக்கு முன்னாடி லைட்டும் மங்குது" என்றாள்.

விஷயமே அதில்தான் இருந்தது. இந்த மாதிரிப் பழைய எஞ்சினில் முன்விளக்கும் மோட்டாரும் ஒரே தண்டவாள மின்சாரத்தில் ஓடுகின்றன. பற்சக்கரம் இடித்தோ முடி சுற்றியோ எஞ்சின் தடுமாறினால் விளக்கு பெரிதாக மங்காது. விளக்கும் சேர்ந்து மங்கினால் மின்சாரம் சரியாக வந்து சேரவில்லை என்று அர்த்தம். இன்னொரு எஞ்சினை எடுத்து அதே வட்டத்தில் விட்டேன். அதுவும் அதே வளைவில் மெதுவானது. கழற்றுவதற்கு முன்னால் இதைச் செய்திருந்தால் இரண்டு மாலை மிச்சமாகியிருக்கும்.

முதலில் தண்டவாளத்தைத் துடைத்தேன். வெள்ளைத் துணியில் ஆல்கஹால் நனைத்து ஒரு சுற்று தேய்த்ததும் துணியில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழுந்தன. நான்காவது சுற்றில்தான் துணி சுத்தமாக வந்தது. முன்பு ஒருமுறை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தேன்; அது தவறு. அந்த நுண்ணிய கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாக ஏறுகிறது. துடைத்த பிறகு எஞ்சின் நிற்கவில்லை, ஆனால் எதிர்ப்பக்கத்தில் வேகம் பாதியாகக் குறைந்தது.

சரி என்று மல்டிமீட்டரை எடுத்தேன். குமிழ் முழு அளவில். மின்சாரம் கொடுக்கும் துண்டில் 12 வோல்ட். எதிர்க்கோடியிலும் 12 வோல்ட்! ரொம்ப நேரம் குழம்பினேன். அப்புறம்தான் புரிந்தது: மீட்டர் இழுக்கும் கரண்ட் அநேகமாகச் சுழியம். கரண்ட் ஓடாத வரை மோசமான இணைப்பிலும் வோல்டேஜ் விழாது. எஞ்சின் போய் நிற்கும்போதுதான் விழும். அதனால் 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் வைத்து, எதிர்க்கோடித் தண்டவாளத்தில் இணைத்துக்கொண்டு மறுபடி அளந்தேன். இந்த முறை கொடுக்கும் இடத்தில் 11.8, கோடியில் 8.1. ஏறத்தாழ 4 வோல்ட் வழியிலேயே தொலைகிறது.

எங்கே தொலைகிறது என்று பார்க்க, பல்பை எரியவிட்டபடியே ஒவ்வொரு இணைப்பாகப் போனேன். ஒரே தண்டவாளத்தில், இணைப்புக்கு இந்தப் பக்கம் மீட்டரின் ஒரு முனை, அந்தப் பக்கம் இன்னொரு முனை. நல்ல இணைப்பு என்றால் மீட்டர் சுழியத்தை ஒட்டியே நிற்கும். 18 இடம், இரண்டு தண்டவாளம், மொத்தம் 36 இணைப்புத் தகடுகள் (இரண்டு துண்டுகளின் தண்டவாள நுனிகளைக் கவ்விப் பிடிக்கும் சின்ன உலோகத் தகடுகள்). பல இடங்களில் 0.1, 0.2 என்று வந்தது. எதிர்ப்பக்கத்து வளைவின் உள்தண்டவாளத்தில் ஓரிடத்தில் மட்டும் 2.3 காட்டியது. அந்தத் துண்டைக் கழற்றிப் பார்த்தேன். தகட்டின் வாய் விரிந்து, தண்டவாளத்தின் அடிப்பாகத்தை ஒரு ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. உள்ளே பச்சைக் களிம்பு. கையால் தொட்டபோது இறுக்கமாக இருந்த மாதிரிதான் தெரிந்தது, மீட்டர் இல்லாமல் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

அந்தத் தகட்டை மாற்றினேன். தொளதொளவென்று இருந்த மற்றவற்றை இடுக்கியால் மெல்ல இறுக்கினேன். அதோடு, எதிர்க்கோடியில் இன்னொரு ஜோடி வயரைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் சால்டர் செய்து கண்ட்ரோலருக்குக் கொண்டுபோனேன். உள்தண்டவாள வயர் உள்தண்டவாளத்துக்கே போக வேண்டும், மாறினால் ஷார்ட் ஆகிவிடும். சால்டர் வைக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் ஈரத்துணியை மடித்து வையுங்கள், இல்லையென்றால் தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டைகள் உருகிவிடும். இப்போது பல்பு எரியும்போதே கோடியில் 11.5 வோல்ட். இரண்டாவது எஞ்சின் வட்டம் முழுக்க ஒரே வேகத்தில் போனது.

எங்கள் பழைய எஞ்சின் மட்டும் மெதுவாக விட்டால் இன்னும் வெட்டி வெட்டிப் போனது. அதில் இரண்டு கோளாறு சேர்ந்திருந்தது, இரண்டையும் பிரித்துக் காட்டியதும் விளக்குதான். சில வெட்டுகளில் விளக்கு சிமிட்டியது, அது சக்கர அழுக்கு. டிஷ்யூ தாளை ஆல்கஹாலில் நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, எஞ்சினின் ஒரு ஜோடிச் சக்கரங்கள் தாளின் மேலும் மற்றவை வெறும் தண்டவாளத்திலுமாக நிறுத்தி, கையால் பிடித்துக்கொண்டு ஓடவிட்டேன். சக்கரங்கள் சுழன்ற இடத்தில் தாள் கரிபோல் ஆனது. திருப்பி வைத்து மற்றப் பக்கத்தையும் செய்தேன். சக்கரத்தின் பின்புறம் உரச வேண்டிய மெல்லிய செம்புப் பட்டை ஒன்று விலகி நின்றது. அதைச் சாமணத்தால் ஒரு தொடு தொட்டு வளைத்துவிட்டேன்.

மற்ற வெட்டில் விளக்கு அசையவே இல்லை. சக்கரம் ஒரு முறை சுற்றினால் ஒரு "டிக்", தாளம் தவறாமல். எஞ்சினை ஸ்பாஞ்சின் மேல் தலைகீழாக வைத்து, 9 வோல்ட் பேட்டரியின் வயர்களைச் சக்கரங்களில் தொட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். அச்சில் ஒரு நீளமான முடி சுற்றியிருந்தது, எடுத்தேன். டிக் போகவில்லை. லென்ஸை வைத்துப் பார்த்தபோது, அச்சில் ஏற்றிய பிளாஸ்டிக் பற்சக்கரத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே மயிரிழை விரிசல் தெரிந்தது. உலோக அச்சின் மேல் இறுக்கமாக ஏற்றிய பிளாஸ்டிக் நாளாக நாளாக இப்படி வெடிக்கிறது. விரிசல் திறந்தால் அந்த இரண்டு பற்களும் கொஞ்சம் விலகும். ஒவ்வொரு சுற்றிலும் அங்கே மட்டும் இடிக்கும். பசை போட்டால் நிற்காது. அதே பல் எண்ணிக்கையில் புதுச் சக்கரம் வாங்கி மாற்றினேன்.

நேற்று இரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, நகர்கிறதா என்றே சந்தேகம் வரும் அளவுக்குக் குமிழைக் குறைத்து ஓடவிட்டோம். ஒரு சுற்றுக்கு மூன்றரை நிமிஷம். அந்த 2.3 வோல்ட் இணைப்பைத் தாண்டும்போது நானும் மகளும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். மங்கவில்லை.