ஸ்கேனிலிருந்து சொல்லடைவு வரை: வேலைக் குறிப்புகள்

2025 மார்ச் 3, திங்கள்

ஒரு பழைய நூலை ஸ்கேன் செய்து, எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவு தயாரிக்கும் வேலை இது. எடுத்திருப்பது 1978-க்கு முந்தைய திருக்குறள் அச்சு, பரிமேலழகர் உரையுடன். மூலம் பெரிய எழுத்தில், உரை சிறிய எழுத்தில். ஆண்டைக் குறிப்பிடக் காரணம் உண்டு. அந்த வருஷத்து எழுத்துச் சீர்திருத்த அரசாணையில் வடிவம் மாறியவை 13 எழுத்துகள்: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. எழுத்துணரிக்கு (படத்தில் உள்ள எழுத்தைக் கணினி உரையாக மாற்றும் நிரலுக்கு) நாம் கொடுக்கப்போகும் தொல்லையில் பாதி இந்தப் பதின்மூன்றில்தான்.

ஸ்கேன் 300 டிபிஐ போதும், உரைப்பகுதிக்கு 400. சேமிப்பது டிஃப் கோப்பாக. ஜேபெக்கில் எழுத்தைச் சுற்றித் தூசு மாதிரி கறை படியும், புள்ளி அதில் கரைந்துபோகும். ஸ்கேன் பக்கங்களைச் சீராக்கும் ஸ்கேன் டெய்லர் நிரலில் கோணலை நிமிர்த்திக் கறுப்பு-வெள்ளையாக மாற்றும்போதும் கண் புள்ளி மேலேயே இருக்கட்டும். மாற்றத்தை மெலிதாக வைத்தால் "க்" எல்லாம் "க" ஆகும். அழுத்தமாக வைத்தால் தாளின் கறையே புள்ளியாகிவிடும்.

மார்ச் 4, செவ்வாய்

எழுத்துணரி டெசராக்ட். 2018-இல் வந்த 4-ஆம் பதிப்பிலிருந்து அது நரம்பு வலை முறையில் வரி வரியாகப் படிக்கிறது, அதனால் பழைய பதிப்புக்கான ஆலோசனைகளை நம்ப வேண்டாம். பக்கப் பிரிப்பு முறை தானாக 3-இல், அதாவது பக்க அமைப்பை நிரலே கண்டுகொள்ளும் முறையில் நிற்கும். மூலமும் உரையும் கலந்த பக்கத்தில் இது வரிசையைக் குழப்பக்கூடும். மூலத்தைத் தனியாக, உரையைத் தனியாக வெட்டிக்கொண்டு இரண்டுக்கும் முறை 6 (முழுதையும் ஒரே சீரான தொகுதியாகப் படிப்பது) கொடுப்பது நல்லது. மொழி தமிழ் மட்டும். ஆங்கிலத்தையும் சேர்த்தால் நடுநடுவே ரோமன் எழுத்து முளைக்கும். முன்னுரையில் ஆங்கிலம் உள்ள பக்கங்களுக்கு மட்டும் சேர்க்கலாம்.

மொத்த நூலையும் ஓட்டுவதற்கு முன்னால் சில பக்கங்களைக் கையால் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். 1,200 குறிகளில் 36 தவறு என்றால் பிழை 3 சதவீதம். எதை எண்ணுகிறோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். "மி" என்பது "மீ" ஆனால், எழுத்தாக எண்ணினால் முழுதும் தவறு. யூனிகோடு குறியாக (கணினி தனி எண் கொடுத்து வைத்திருக்கும் ஒவ்வொரு அலகாக) எண்ணினால் இரண்டில் ஒன்றுதான் தவறு.

மார்ச் 6, வியாழன்

பிழை பிடிக்கும் நாள். அகராதியை நாடும் முன், தமிழில் பொதுவாக வராத சேர்க்கைகளைத் தேடுவது லாபம்: உயிர்க்குறிக்கு (ா, ி போன்றவை) மேல் உயிர்க்குறி, உயிர்க்குறிக்குப் பின் புள்ளி, உயிர்க்குறியில் தொடங்கும் சொல், புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கும் சொல். "ஸ்ரீ" போன்ற சிலவற்றை விட்டால், இவை கிடைத்தால் பெரும்பாலும் பிழைதான்.

சொல்லின் நடுவே உயிரெழுத்து வந்தால் மட்டும் கை வைக்கக் கூடாது. "கெடுப்பதூஉம்", "தொழாஅள்" என்று குறளில் அளபெடை இருக்கிறது. தானாகத் திருத்தும் நிரல் அதைத்தான் முதலில் காவு வாங்கும். துணைக்காலும் "ர"வும் மாறிக்கிடப்பதையும் நிரலிடம் விடக் கூடாது, படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டியதுதான்.

மார்ச் 10, திங்கள்

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. "கொ"வின் குறி 3018 என்ற ஒரே எண்ணாகவும் இருக்கலாம், 3014-உம் 3006-உம் சேர்ந்தும் இருக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடினால் பாதிதான் கிடைக்கும். என்எஃப்சி என்ற சீராக்கத்தை ஒருமுறை ஓட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

"கௌரவம்" அப்படி அடங்காது. ஒற்றைக்கொம்பும் "ள"வும் போட்டு "கெளரவம்" என்று வந்திருந்தால் அது என்எஃப்சிக்குச் சரியான தமிழே. அதற்காக எல்லா இடத்திலும் மாற்று என்று கட்டளை கொடுத்தால் "வெளி", "தெளிவு" எல்லாம் நாசம். "ள"வுக்குப் பின் குறியோ புள்ளியோ இருந்தால் தொடாதே; மீதியைப் பட்டியலாக எடுத்துப் பார்த்து மாற்று.

தமிழ் எண்களும் இப்படியே. ௧-க்குக் "க", ௨-க்கு "உ", ௭-க்கு "எ" விழுந்திருக்கும். குறள் எண் வரும் இடத்தில் மட்டும் திருத்தினால் போதும். எழுத்துகளைப் பிரிக்கவும் இணைக்கவும் இடப்படும், கண்ணுக்குத் தெரியாத 8204, 8205 குறிகளையும் நீக்கிவிடலாம்.

மார்ச் 13, வியாழன்

சொல் பிரிப்பு. இதில் விழாதவர்கள் குறைவு.

"தமிழ்": படிப்பவருக்கு 3 எழுத்து, யூனிகோடில் 5 குறி, யூடிஎஃப்-8 கோப்பில் 15 பைட். பைத்தான் நிரல்மொழியோடு வரும் "ரீ" என்ற தேடல் தொகுப்பில், சொல்லில் வரும் எழுத்தைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ போட்டால், உயிர்க்குறியையும் புள்ளியையும் அது எழுத்தாகச் சேர்ப்பதில்லை. "தம", "ழ" என்று இரண்டு துண்டு கையில் வரும். சைக்கிட்-லேர்ன் என்ற பைத்தான் தொகுப்பில் சொற்களை எண்ணும் கவுண்ட்வெக்டரைசர் ஒரு படி மேலே போய், ஒரே குறி உள்ள துண்டுகளைத் தூக்கி எறிந்துவிடும். மிஞ்சுவது "தம". பிழைச் செய்தி எதுவும் வராது, வரைபடமும் அழகாகவே வரும். கருத்தரங்கில் காட்டும் சொல் மேகங்களில் இப்படிப்பட்ட மொட்டைத் துண்டுகள் தென்பட்டால் வேறு விசாரணையே வேண்டாம்.

தீர்வு எளிது. "ரீஜெக்ஸ்" என்ற தனித் தொகுப்பை நிறுவிக்கொள்ளலாம். அல்லது இடைவெளியில் வெட்டி, நிறுத்தக்குறிகளை மட்டும் உரித்துவிட்டு, அந்தப் பட்டியலைக் கருவியிடம் கொடுக்கலாம். சொல்லடைவு நிரலான ஆன்ட்காங்கில் சொல் வரையறை அமைப்பைத் திறந்து, எழுத்து வகையோடு குறி வகையையும் சேர்க்க வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

சரிபார்ப்பு: 1,330 குறள், குறளுக்கு 7 சீர், மொத்தம் 9,310. மூலத்தை இடைவெளியில் வெட்டி எண்ணும்போது இதற்குக் கூடினால், பதிப்பாசிரியர் பதம் பிரித்திருக்கிறார் அல்லது எழுத்துணரி சொல்லை உடைத்திருக்கிறது. குறள்வாரியாக எண்ணி, 7 வராதவற்றைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

உரையில் "அறத்தை", "அறத்தைப்", "அறத்தைக்" மூன்றும் மூன்று சொல்லாக எண்ணப்படும். சொல் இறுதியில் க், ச், த், ப் நின்று, அடுத்த சொல்லும் அதே எழுத்தில் தொடங்கினால் மட்டும் நீக்கலாம். பழைய உரைக்கு இந்த விதி பழுதில்லை. இதையே இன்றைய இதழ்களுக்குக் கொண்டுபோனால் "புக் கடை" "பு கடை" ஆகும். நீக்கிய வடிவம் எப்போதும் அட்டவணையின் தனிப் பத்தியில் (நெடுவரிசையில்). மூலப் பத்தியைத் தொடவே கூடாது.

முதல் குறளிலேயே "எழுத்து" கிடைக்காது, அங்கே இருப்பது "எழுத்தெல்லாம்". குற்றியலுகரச் சொற்களைக் கடைசி உகரம் இல்லாமல் "எழுத்த" என்று தேட வேண்டும்.

சொல்லடைவு சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த அட்டவணையாக) போகிறது. எக்செலில் நேராகத் திறந்தால் எழுத்து சிதறும்; கோப்பின் தலையில், குறியாக்கம் எது என்று காட்டும் 65279 குறி இருந்தால் சிதறாது. அதே குறி பைத்தானில் முதல் பத்தியின் பெயரோடு ஒட்டிக்கொண்டு "அப்படி ஒரு பத்தி இல்லை" என்று சொல்ல வைக்கும். படிக்கும்போது குறியாக்கத்தை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுக்க வேண்டும்.