விரிசலும் செயல்திறனும்

உலையிலிருந்து வெளியேறும் புகைவளியின் வெப்பத்தால் காற்றைச் சூடாக்கும் வெப்பப் பரிமாற்றியிலிருந்து கழற்றி உலைக்கூடத்தில் வைத்திருந்த, சிலிக்கான் கார்பைடு என்னும் பீங்கான் வகைப் பொருளால் ஆன குழாயின் முனையில், இன்று காலை மயிரிழை அளவு விரிசல் ஒன்றைப் பார்த்தேன்.

எஃகுத் தகட்டோடு குழாய் சேரும் இடம் அது. ஒரே சூட்டில் துருப்பிடிக்காத எஃகு, சிலிக்கான் கார்பைடைப் போல ஏறக்குறைய 4 மடங்கு விரிவதால், உலையைப் பற்றவைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இணைப்புதான் இழுபடுகிறது.

கடந்த வாரம் புகைவளியின் வெப்பநிலை வீழ்ச்சியை மட்டும் கொண்டு வெப்பப் பரிமாற்றியின் செயல்திறனைக் கணக்கிட்டபோது, அது எதிர்பார்த்ததைவிட மேலாக இருந்தது, நானும் மகிழ்ந்தேன். உண்மையில், கூடுதல் அழுத்தத்தில் ஓடிய காற்று விரிசல் வழியே புகைவளியில் கலந்து அதைக் குளிர்வித்திருந்தது. காற்று பெற்ற வெப்பத்தைத் தனியே கணக்கிட்டபோது இரண்டும் பொருந்தவில்லை.

போதாததற்கு, கதிர்வீச்சு மறைப்பில்லாத தெர்மோகப்பிள் என்னும் வெப்பநிலை உணரி, குளிர்ந்த குழாய்ச் சுவர்களுக்கு வெப்பத்தை இழந்து, வளியின் வெப்பநிலையைக் குறைத்தே காட்டும்.

குழாய் 1,300 பாகை செல்சியஸைத் தாங்குமா என்று கேட்கும் நாம், இணைப்பு எத்தனை முறை சூடாகிக் குளிர்வதைத் தாங்கும் என்பதையும் அதே அக்கறையோடு கேட்க வேண்டும் என்று எண்ணுகிறேன்.

நாளை புகைவளியின் ஆக்சிஜன் அளவைப் பரிமாற்றிக்கு முன்னும் பின்னும் எடுக்கவிருக்கிறோம். கசிவு இருந்தால் பின்பக்கம் அது கூடித் தெரியும்.